வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் வாங்கவா ஓட்டுப் போட்டோம்?

மின்சாரம் கேட்டால் டீசல் கேனைக் கையில் கொடுக்கும் கொடுமையை எதிர்த்து ஓர் அறைகூவல்



கோடை பிறந்தால் நம்ம ஊர்ப்பக்கம் ரெண்டு சத்தம் கேட்கும். ஒண்ணு, கரண்டு போனதும் வீட்டுக்கு வீடு கிளம்புகிற "போச்சுடா" என்கிற சத்தம். இன்னொன்று, அதுக்கு அஞ்சு நிமிஷம் கழித்துக் கடைத்தெருவில் கிளம்புகிற ஜெனரேட்டர் சத்தம். ஒரு காலத்தில் மதுரை டவுன்ஹால் ரோட்டிலும் மாசி வீதிகளிலும் கேட்ட அந்தச் சத்தம், மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் என்று நகர்ந்து, இன்று நம்ம தெருவுக்கே வந்துவிட்டது.

"அண்ணே, கரண்டை நம்பி உக்காந்தா வேலைக்கு ஆகாது. ஒரு ஜெனரேட்டரை வாங்கிப் போட்டுருங்க. மாசத் தவணைதான், பையப் பையக் கட்டிக்கலாம்" என்று ஆள் வந்து பேசுகிறான். நாமளும் காயுற பயிரைப் பார்க்கிறோம், புழுக்கத்தில் அழுகிற பச்சைப்பிள்ளையைப் பார்க்கிறோம், பரீட்சைக்குப் படிக்கிற மகளைப் பார்க்கிறோம். சரி என்று தலையாட்டி விடுகிறோம். மகள் தோடு அடகுக் கடைக்குப் போகிறது, ஜெனரேட்டர் திண்ணைக்கு வருகிறது.

வாங்கியவரை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. கொதிக்கிற வயிறு தாங்காமல் வாங்குகிறார். ஆனால் ஒன்று கேட்கிறோம். ரோடு போடாவிட்டால் நாமளே தார் வாங்கி ஊற்றுவோமா? கண்மாய் மடை உடைந்தால் ஆளுக்கொரு கண்மாய் வெட்டுவோமா? மின்சாரம் இல்லை என்றால் மட்டும் ஆளுக்கொரு மின் நிலையம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்களே, இது எந்த ஊர் நியாயம்?

மறந்துவிட்டதா அந்த இருட்டுக் காலம்?

2008-ல் தொடங்கியது. முதலில் "ரெண்டு மணி நேரம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஆலைகளுக்கு மின்விடுமுறை விட்டார்கள். ஆட்சி மாறினால் சரியாகும் என்றார்கள். ஆட்சி 2011-ல் மாறியது. வெட்டு கூடியது. 2012 அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதுரை உட்பட வெளி மாவட்டங்களில் ஒரு நாளைக்கு 12 மணி முதல் 16 மணி நேரம் வரை கரண்டு கிடையாது. அதே மாதங்களில் தலைநகரம் சென்னைக்கு எவ்வளவு வெட்டு? இரண்டு மணி நேரம்!

ஒரே அரசு, ஒரே வாரியம், ஒரே வரி. அவர்களுக்கு இரண்டு மணி நேரம், நமக்குப் பதினாறு மணி நேரம். சென்னை மக்கள் மீது நமக்குப் பகை இல்லை. அங்கேயும் உழைக்கிற ஜனம்தான் இருக்கிறது. பகிர்ந்து கொடுத்தவன் கையில்தான் ஓரவஞ்சனை.

அந்த நாளில் விவசாய மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூணு மணி நேரம் என்பது ஏட்டுக் கணக்கு. நடப்புக் கணக்கு என்ன? ராத்திரி ஒரு மணிக்கு வரும். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பாம்பும் பூச்சியும் கிடக்கிற வரப்பில் ஓடுவோம். ஸ்டார்ட்டரைத் தட்டி, தண்ணீர் வாய்க்காலில் ஏறி, நாலாவது பாத்தி மடை திறப்பதற்குள் போய்விடும். மறுபடி வரும்போது வாய்க்கால் காய்ந்து கிடக்கும். வாய்க்கால் குடிக்கிற தண்ணீரே பாதி. சோழவந்தான் கொடிக்காலும் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மல்லித் தோட்டமும் அன்று பட்ட பாட்டை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்போதுதான் ஜெனரேட்டர் வியாபாரமும் இன்வெர்ட்டர் வியாபாரமும் கொழுத்தது. நாம் இருட்டில் இருந்தது சிலருக்கு விடியல் ஆனது.

ஜெனரேட்டர் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போமா?

கணக்கு தெரியாதவன் விவசாயி என்று நினைக்கிறார்கள். நாமே போட்டுப் பார்ப்போம்.

வீட்டுக்கு வாங்குகிற சின்ன ஜெனரேட்டர் ஒரு லிட்டர் எண்ணெய் குடித்தால் சுமார் மூன்று யூனிட் மின்சாரம் தரும். பழைய மிஷின் என்றால் அதுவும் வராது. 2024-ல் டீசல் லிட்டர் 92 ரூபாய் சுமார். ஆக ஒரு யூனிட்டுக்கு எண்ணெய்ச் செலவு மட்டும் 30 ரூபாய்க்கு மேல். மிஷின் விலை, வட்டி, எஞ்சின் ஆயில், ஃபில்டர், மெக்கானிக் கூலி எல்லாம் தனி. 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இலவசமாக வரவேண்டிய அந்த 100 யூனிட்டை ஜெனரேட்டரில் எடுத்தால் 3,000 ரூபாய்! நமக்கு வரவேண்டியதைத் தராமல் விட்டு, அதையே 3,000 ரூபாய்க்கு வாங்க வைக்கிற தந்திரம் இது.

"வீட்டு ஜெனரேட்டரில் கிணத்து மோட்டாரையும் ஓட்டிக்கலாம்" என்று சொல்லி விற்கிறான். நம்பாதீர்கள். 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது இழுப்பது சுமார் நாலரை கிலோவாட். ஆனால் ஸ்டார்ட் ஆகிற நொடியில் ஓட்டத்தில் இழுப்பதைப் போல ஐந்து ஆறு மடங்கு கரண்டை இழுக்கும். ரெண்டு கே.வி.ஏ. வீட்டு மிஷின் அதைக் கண்டாலே மூச்சடைத்து நின்றுவிடும். மோட்டாரை நேரடியாக எடுக்க வேண்டுமென்றால் 12, 15 கே.வி.ஏ. மிஷின் வேண்டும். அதன் விலைக்கு ஒரு கறவை மாடு அல்ல, ஒரு தொழுவமே வாங்கலாம்.

சரி, ஆயில் இன்ஜின் வைத்து இறைக்கலாம் என்றால்? 5 எச்.பி. இன்ஜின் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். ஒரு தண்ணிக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் 5 லிட்டர், 460 ரூபாய். நாலு நாளைக்கு ஒரு தண்ணி என்றால் மாதம் ஏழு தண்ணி, 3,220 ரூபாய். மூன்று மாத வெள்ளாமைக்கு 9,660 ரூபாய். விதை, உரம், களை, மருந்து, அறுப்புக்கூலி எல்லாம் இதற்கு மேல். நெல்லை எடுத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடந்து வாங்குகிற காசில் இந்த ஒன்பதாயிரம் எங்கேயிருந்து வரும்? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி விலை விழுகிற அன்றைக்கு, டீசல் பங்க்கில் விலையைக் குறைத்துக் கொடுப்பார்களா?

இன்வெர்ட்டர் வைத்தவர் தப்பித்தாரா? அதுவும் இல்லை. இன்வெர்ட்டர் மின்சாரம் உற்பத்தி செய்யாது. இருக்கிற மின்சாரத்தைப் பேட்டரியில் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். பிடித்து வைத்து எடுப்பதற்குள் நாலில் ஒரு பங்கு சூடாகி வீணாகும். கரண்டு வந்ததும் நகரத்துப் பேட்டரி எல்லாம் ஒரே நேரத்தில் உறிஞ்ச ஆரம்பிக்கும். பற்றாக்குறை நேரத்தில் அது இன்னும் பற்றாக்குறை ஆகும். கடைமடையில் இருக்கிற நம்ம டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் இறங்கும். தண்ணீரில் தலைமடைக்காரன் முந்திக்கொண்டால் கடைமடைக்காரன் காய்வான் என்று மேலூர் விவசாயிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கரண்டிலும் அதே கதைதான்.

சமயநல்லூரில் ஓடிய ராட்சத ஜெனரேட்டர்

நம்ம வீட்டு ஜெனரேட்டர் கதை இப்படி. வாரியத்தின் கதையைக் கேளுங்கள்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற வழியில் சமயநல்லூர். அங்கே 2001-ல் 106 மெகாவாட் தனியார் மின் நிலையம் ஒன்று ஓட ஆரம்பித்தது. நிலக்கரி இல்லை, காற்று இல்லை, அணைத் தண்ணீர் இல்லை. ராட்சத டீசல் எஞ்சின்களில் கனரக எண்ணெயை எரித்து மின்சாரம் எடுப்பது. அதாவது, ஊருக்கே ஒரு ஜெனரேட்டர்! சென்னை பேசின் பிரிட்ஜில் 196 மெகாவாட், சாமல்பட்டியில் சுமார் 106 மெகாவாட் என்று இதே மாதிரி இன்னும் இரண்டு. 1990-களில் மின் உற்பத்தியைத் தனியாருக்குத் திறந்துவிட்டபோது போட்ட ஒப்பந்தங்கள் இவை. பதினைந்து ஆண்டு ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தங்களின் லட்சணம் என்ன? மின்சாரம் வாங்கினால் எண்ணெய் விலைக்கு ஏற்ப ஒரு கட்டணம். வாங்காவிட்டாலும், நிலையம் தயாராக இருக்கிறது என்பதற்காகவே ஒரு நிலைக் கட்டணம். எண்ணெய் விலை ஏறினால் ஏற்றம் வாரியத்தின் தலையில். 2012 வாக்கில் இந்த எண்ணெய் நிலையங்களின் மின்சாரம் யூனிட் பத்து ரூபாயைத் தாண்டியது. பற்றாக்குறை முற்றிய நேரத்தில் வாரியத்துக்கு வேறு வழியும் இல்லை. வாங்கியது. கடன் ஏறியது. கடனைக் காட்டிக் கட்டணம் ஏறியது.

வீட்டுக்காரன் செய்த தப்பும் வாரியம் செய்த தப்பும் ஒன்றேதான். காலத்தில் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டு, கடைசி நேரத்தில் எண்ணெயை எரித்துச் சமாளிப்பது. ஆனால் வீட்டுக்காரன் தன் காசை எரித்தான். வாரியம் எரித்தது நம்ம காசு!

வெட்டு வானத்திலிருந்து விழுந்ததா?

இல்லை. மனிதர் செய்தது. தமிழ்நாட்டில் தேவை வருஷா வருஷம் ஏறிக்கொண்டே வந்தது. புதிய அனல் நிலையங்கள் காலத்தில் முடியவில்லை. மேட்டூரில் 600 மெகாவாட் அலகும், வடசென்னையில் ஆளுக்கு 600 மெகாவாட் கொண்ட இரண்டு அலகும் 2013, 2014-ல்தான் கைக்கு வந்தன. கூடங்குளத்தின் முதல் அலகு 2013 அக்டோபரில்தான் தொகுப்போடு இணைந்தது. காற்றாலை ஆடி மாதம் அள்ளிக் கொடுக்கும், ஐப்பசி கார்த்திகையில் படுத்துக்கொள்ளும். அதனால்தான் அந்த 2012 அக்டோபர், நவம்பரில் இருட்டு முற்றியது.

வடக்கே இருந்து வாங்கலாம் என்றால் கொண்டுவரக் கம்பி போதவில்லை. ரெய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை 2013 டிசம்பர் கடைசி நாளில்தான் இணைந்தது. அதுவரை தென்னக மின் தொகுப்பு, நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு ஒரே ஓட்டமாகச் சேரவே இல்லை. வெள்ளம் ஒரு பக்கம், வறட்சி ஒரு பக்கம், நடுவில் கால்வாய் இல்லை! ஐம்பத்தெட்டு கிராமக் கால்வாய்க்காகப் பல்லாண்டு போராடிய உசிலம்பட்டி மண்ணுக்கு இது புரியும்.

நம்ம மாவட்டத்திலேயே ஒரு உதாரணம் பாருங்கள். அலங்காநல்லூர் தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்க இணை மின் நிலையம் கட்ட ஆரம்பித்தார்கள். நம்ம கரும்பு, நம்ம சக்கை, நம்ம ஊர் மின்சாரம். கடைசியில் ஆலையின் அரைவையே நின்று போனது. ஆலையைத் திற என்று கரும்பு விவசாயிகள் ரோட்டில் உட்கார வேண்டி வந்தது. விவசாயிக்கு வருமானமும் ஊருக்கு மின்சாரமும் தந்திருக்க வேண்டிய ஆலையைக் கோட்டை விட்டுவிட்டு, "டீசல் வாங்கிக்கோ" என்கிறார்கள்.

சட்டமே எழுதி வைத்த ஓரவஞ்சனை

மத்திய அரசு 2020-ல் மின் நுகர்வோர் உரிமை விதிகள் என்று ஒன்று கொண்டு வந்தது. எல்லா நுகர்வோருக்கும் 24 மணி நேரமும் மின்சாரம் தர வேண்டும் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறதா? அடுத்த வரியைப் படியுங்கள். விவசாயம் போன்ற சில பிரிவினருக்கு மட்டும் நேரத்தைக் குறைத்துக்கொள்ள ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கலாம் என்கிறது! 2022-ல் திருத்தம் கொண்டு வந்தார்கள். பெருநகரங்களில் டீசல் ஜெனரேட்டர் ஓட்டத் தேவையே இல்லாதபடி தடையில்லா மின்சாரம் தர வேண்டும், புகை மாசு கூடுகிறது என்றார்கள்.

நகரத்தில் புகை கூடாது. சரி. அப்படியென்றால் கிராமத்தான் மூக்கு மூக்கில்லையா? நகரத்தில் ஜெனரேட்டர் ஓடக்கூடாது என்று விதி. கிராமத்தில் ஜெனரேட்டர் இல்லாமல் ஓட்ட முடியாது என்று நிலைமை. சோறு போடுகிறவனுக்கு மட்டும் நேரத்தைக் குறைக்கலாம் என்று எழுதிய பேனாவை என்ன சொல்வது?

தமிழ்நாட்டில் 2021-ல் விவசாயத்துக்கு 24 மணி நேர மும்முனை மின்சாரம் என்று அறிவித்தார்கள். வரவேற்றோம். அறிவிப்பு காகிதத்தில் ஓடினால் போதாது, கம்பியில் ஓட வேண்டும். பழைய டிரான்ஸ்பார்மர், தொங்குகிற கம்பி, 5 எச்.பி. மோட்டார் முக்கி முனகுகிற வோல்டேஜ். இதை மாற்றாமல் எத்தனை மணி நேரம் அறிவித்து என்ன பயன்?

"இலவச மின்சாரம் வாங்குறவனுக்கு வாய் எதுக்கு?"

இப்படிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். டீக்கடையில் கேட்பார்கள், டி.வி.யிலும் கேட்பார்கள். பதில் சொல்வோம்.

இலவச மின்சாரம் யாரும் போட்ட பிச்சை அல்ல. யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லிக் கேட்டதற்கு 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1972-ல் கோவைத் தெருக்களில் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தி நகரத்தையே ஸ்தம்பிக்க வைத்தார்கள் நம் முன்னோர். அந்த வருஷம் ஜூலை 5 அன்று பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு. அந்த நாளைத்தான் இன்றும் உழவர் தினமாக அனுசரிக்கிறோம். 1978-ல் அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த வேடசந்தூரிலும் விவசாயி ரத்தம் சிந்தினான். நாராயணசாமி நாயுடு ஊர் ஊராகப் போய்ச் சங்கம் கட்டியது இந்த மின்கட்டணக் கொடுமையை எதிர்த்துத்தான். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணமில்லா மின்சாரம் வந்தது. 2003-ல் அதைப் பறித்தார்கள். 2004 தேர்தலில் ஜனங்கள் பதில் சொன்னதும் மே மாதமே திருப்பிக் கொடுத்தார்கள். உயிரைக் கொடுத்து வாங்கியது உரிமை. உரிமைக்கு ஏன் வாய் கூடாது?

இன்னொன்று. இலவசம் என்று சொல்லி ஆறு மணி நேரம் கொடுத்து, மீதிக்கு டீசல் வாங்க வைத்தால் அது இலவசமா? டீசல் லிட்டருக்கு லிட்டர் மத்திய அரசு வரி, மாநில அரசு வரி இரண்டும் நாம் கட்டுகிறோம். இடது கையால் கொடுத்து வலது கையால் பறிப்பதற்குப் பெயர் இலவசம் அல்ல.

இணைப்பே இல்லாமல் வருஷக்கணக்கில் காத்துக் கிடப்பவர்கள் கதை வேறு. 2021-ல் ஒரு லட்சம், 2022-ல் 50 ஆயிரம் புதிய இணைப்பு என்று அறிவித்துக் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் பதிவு செய்து காத்திருந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. அவசரமென்றால் தட்கல்! 5 எச்.பி.க்கு இரண்டரை லட்சம் ரூபாய். அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரன் இரண்டரை லட்சத்துக்கு எங்கே போவான்? நிலத்தை விற்றுத்தான் கட்ட வேண்டும். நிலத்தை விற்றபின் இணைப்பு எதற்கு?

உயிரை வாங்கும் மிஷின், எச்சரிக்கை!

ஏற்கெனவே ஜெனரேட்டர் வாங்கியவர்கள் தயவுசெய்து இதைப் படித்துக் காட்டுங்கள். அரசியல் இல்லை, உயிர் விஷயம்.

ஒன்று. சத்தத்துக்குப் பயந்தோ, திருட்டுக்குப் பயந்தோ ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளேயோ மூடிய மோட்டார் ரூமிலோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வாசனை கிடையாது, கண்ணுக்குத் தெரியாது. தூக்கத்திலேயே குடும்பத்தை முடித்துவிடும். வெட்டவெளியில், ஜன்னலுக்குத் தள்ளி வையுங்கள்.

இரண்டு. ஜெனரேட்டர் ஒயரை நேரே வீட்டுப் பிளக்கில் சொருகாதீர்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் சொருகினால் கரண்டு வீட்டோடு நிற்காது. பின்னால் ஓடிக் கம்பத்துக்கு ஏறும். டிரான்ஸ்பார்மர் அதைப் பெருக்கி உயர் அழுத்தக் கம்பிக்கே அனுப்பும். "லைன் ஆஃப்" என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் வயர்மேன் கருகி விழுவார். அவரும் நம்ம ஊர்ப் பிள்ளைதான். ஒப்பந்தக் கூலிக்கு உயிரைப் பணயம் வைக்கிறவர். நம்ம வெளிச்சத்துக்கு அவர் வீட்டை இருட்டாக்க வேண்டாம்.

மூன்று. சூடாக ஓடுகிற மிஷினில் எண்ணெய் ஊற்றாதீர்கள். அணைத்து, ஆறவிட்டு ஊற்றுங்கள்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் பேசுகிறோம்

ஊரார் தப்பைப் பேசிவிட்டு நம்ம தப்பை மூடினால் சங்கத்துக்கு மரியாதை இல்லை. 5 எச்.பி.க்கு அனுமதி வாங்கிவிட்டு ஏழரை எச்.பி. ஓட்டுகிறோம். மும்முனை இல்லாத நேரத்தில் கண்டென்சர் போட்டு இருமுனையில் மோட்டாரை இழுக்கிறோம். அது டிரான்ஸ்பார்மரைச் சூடாக்கி எரிக்கிறது. மோட்டார் காயிலும் புகைகிறது. எரிந்தபின் நாம் எல்லோரும்தான் இருட்டில் கிடக்கிறோம். வெட்டு விழுவதால் கண்டென்சர் போடுகிறோம், கண்டென்சர் போடுவதால் டிரான்ஸ்பார்மர் எரிகிறது. இந்தச் சுற்றை நாமும் நிறுத்த வேண்டும், வாரியமும் சரியான சப்ளை கொடுத்து நிறுத்த உதவ வேண்டும். கைசுத்தமாக இருந்தால்தான் குரல் ஓங்கும்.

ஜெனரேட்டரே வேண்டாம் என்கிறோமா?

இல்லை. ஆபத்துக்கு வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவையும் புதுக்கோட்டையையும் புரட்டிப் போட்டபோது வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வாடகை ஜெனரேட்டர் வைத்துத்தான் ஊர் குடிதண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள். அந்த மாதிரி நேரத்துக்கு ஒவ்வொரு ஊராட்சியிலும் பொது ஜெனரேட்டர் தயாராக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கட்டாயம் இருக்க வேண்டும், இருந்தால் போதாது, ஓடவும் வேண்டும். 2019 மே மாதம் மழைக்காற்றில் கரண்டு போனபோது மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் செயற்கை சுவாசத்தில் இருந்த நோயாளிகள் இறந்தார்கள். ஜெனரேட்டர் ஓடவில்லை, அதனால்தான் போனார்கள் என்று உறவினர்கள் கதறினார்கள். மின்தடை காரணமல்ல என்று நிர்வாகம் மறுத்தது. யார் சொல்வது எப்படி இருந்தாலும், ஏழை போய்ப் படுக்கிற இடத்தில் அப்படி ஒரு கேள்வியே எழக்கூடாது.

ஆபத்துக்கு வைப்பது வேறு, அன்றாடத்துக்கு அதையே நம்பச் சொல்வது வேறு. பக்கத்து இலங்கையைப் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. ஜெனரேட்டர் வைத்திருந்தவனும் தப்பவில்லை. ஏன்? ஊற்ற டீசல் இல்லை! ஆப்பிரிக்காவில் நைஜீரியா எண்ணெய் விளைகிற நாடு. அங்கே வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை ஜெனரேட்டர். 2023 மே மாதம் பெட்ரோல் மானியத்தை எடுத்ததும் விலை பல மடங்கு ஏறி, ஏழை வீட்டு ஜெனரேட்டர் முதலில் அணைந்தது. எண்ணெய்க் கிணறு வைத்திருக்கிற நாட்டுக்கே அந்தக் கதி என்றால், தண்ணீர்க் கிணறு வைத்திருக்கிற நமக்கு?

ஆளுக்கொரு ஜெனரேட்டர் வந்துவிட்டால் இன்னொரு கேடும் உண்டு. வசதி உள்ளவன் மின்வாரிய அலுவலக வாசலுக்கு வரமாட்டான். "எனக்கு என்ன, என் வீட்ல லைட்டு எரியுது" என்பான். பாதி ஊர் வாய் மூடிவிட்டால் மீதிப் பாதி ஊரின் குரல் யார் காதில் விழும்? ஜெனரேட்டர் சத்தத்தில் நம்ம சத்தம் அமுங்குவது அப்படித்தான்.

எங்கள் கோரிக்கைகள்

1. அறிவித்தபடி விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் தடையில்லாமல், முழு வோல்டேஜில் கொடு. குறைப்பதானால் நேரத்தை முன்கூட்டியே ஊராட்சியில் எழுதி ஒட்டு. ராத்திரி மட்டும் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிடு.

2. நகரத்துக்கு ஒரு நீதி, கிராமத்துக்கு ஒரு நீதி கூடாது. விவசாயத்துக்கு மட்டும் நேரத்தைக் குறைக்கலாம் என்ற 2020 விதியை நீக்கு.

3. பளு கூடிய டிரான்ஸ்பார்மர்களைக் கணக்கெடுத்துக் கூடுதல் டிரான்ஸ்பார்மர் வை. எரிந்த டிரான்ஸ்பார்மரை மாற்ற விவசாயியிடம் வண்டி வாடகை, கூலி என்று வாங்காதே.

4. காத்திருக்கும் சிறு, குறு விவசாயிகளுக்குப் பதிவு மூப்புப்படி இணைப்பு கொடு. காசுள்ளவனை முன்னால் விடும் தட்கலை நிறுத்து.

5. வயர்மேன் காலிப் பணியிடங்களை நிரப்பு. ஆள் இல்லாமல் கம்பி எப்படிச் சரியாகும்?

6. சூரிய சக்தி பம்ப்செட் மானியத்தைச் சிறு விவசாயி தன் பங்கைக் கட்டக்கூடிய அளவுக்கு உயர்த்து.

7. ஊராட்சிக்கு ஒரு பொது ஜெனரேட்டர், குடிதண்ணீருக்கும் ஆபத்துக்கும் மட்டும்.

8. அலங்காநல்லூர் ஆலையை இயக்கு, கரும்புச் சக்கையில் மின்சாரம் எடு.

நாம் என்ன செய்ய வேண்டும்?

கோஷம் மட்டும் போதாது. கையில் ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு மோட்டார் ரூமிலும் ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும் தொங்கவிடுங்கள். கரண்டு வந்த நேரம், போன நேரம், வோல்டேஜ் மீட்டர் இருந்தால் வோல்டேஜ், டிரான்ஸ்பார்மர் எரிந்த நாள், மாற்றிய நாள், டீசலுக்குக் கொடுத்த காசு எல்லாவற்றையும் எழுதுங்கள். படிக்கிற பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.

கரண்டு போனால் வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள். அந்த எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். மாதந்தோறும் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கும், மேற்பார்வைப் பொறியாளர் நடத்தும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் ஊருக்குப் பத்துப் பேராவது நோட்டோடு போக வேண்டும். "சப்ளை நல்லாத்தான் இருக்கு" என்று அதிகாரி சொன்னால் நோட்டை விரித்துக் காட்டுங்கள். ஒரு விவசாயியின் நோட்டை ஓரம் தள்ளலாம். நூறு ஊர் நோட்டை எந்த மேஜைக்கு அடியில் தள்ளுவார்கள்?

ஜெனரேட்டருக்கு முன்பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற சகோதரரே, ஒரு மாதம் பொறுங்கள். தோட்டை அடகு வைக்கும் முன் சங்கத்துக்கு வாருங்கள், கூட்டத்துக்கு வாருங்கள். ஒரு பைசாவுக்காக உயிரைக் கொடுத்தவர்களின் வாரிசு நாம். யூனிட்டுக்கு முப்பது ரூபாய் கொடுத்துவிட்டு வாய் மூடி உட்காரலாமா?

டீசல் கேனைக் கீழே வை, தோழா! சங்கக் கொடியைக் கையில் எடு!

மின்சாரம் உரிமை! ஓரவஞ்சனை ஒழிக! உழவர் ஒற்றுமை ஓங்குக!